அந்த 15 நாள் எப்போது தொடங்கும்?

இறந்துபோன அம்மாவின் கணக்கில் உள்ள பணத்தைக் கேட்டு அலைகிறோம்; வியாழக்கிழமை வங்கியில் நடந்ததை அன்றிரவே நான்கு வரிகளில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஆனால் "விதிமுறை என்று ஒன்று இருக்கிறதல்லவா" என்று எனக்கு வகுப்பு எடுத்த நண்பர்களுக்காகவும், அம்மா நாமினி (தனக்குப் பிறகு பணத்தைப் பெற வேண்டியவர் என்று வங்கியில் பதியும் பெயர்) போடாமலே போய்விட்டார் என்று தாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டு அனுதாபப்பட்டவர்களுக்காகவும் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாமினி இருக்கிறார். சேமிப்புக் கணக்கிலும் இருக்கிறார், இரண்டு வைப்புத்தொகை ரசீதுகளிலும் இருக்கிறார். அவர் என் அப்பா. பாஸ்புக்கின் முதல் பக்கத்திலேயே அவருடைய பெயர் அச்சாகியிருக்கிறது.

வியாழக்கிழமை நாங்கள் அந்தக் கிளைக்குப் போனது ஏழாவது முறை. இறந்தவர் கணக்கை 15 நாளில் முடித்துத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறதே என்று நான் கேட்டபோது, அந்த அதிகாரி கோபப்படவில்லை. புன்னகையோடு, "எல்லாப் பேப்பரும் வந்த பிறகுதான் சார் அந்த 15 நாள் கணக்கு. உங்களுக்கு அது இன்னும் ஆரம்பிக்கவே இல்லை" என்றார். எரிந்து விழுந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மாசியில் அம்மா போனார், பங்குனியில் விண்ணப்பம் கொடுத்தோம், இப்போது ஆனி பிறக்கப்போகிறது. எங்களுக்கு இன்னும் முதல் நாளே விடியவில்லை என்பதை ஒருவர் புன்னகையோடு சொல்லும்போது பதில் வாயில் வரவில்லை.

அதனால் இங்கே சொல்கிறேன். அந்தக் கணக்கு, அப்பா முதல்முறை விண்ணப்பப் படிவத்தோடு இறப்புச் சான்றிதழையும் தன் ஆதாரையும் நீட்டிய அன்றே தொடங்கிவிட்டது. நாமினி இருக்கும் கணக்குக்கு வேண்டியது அந்த மூன்றுதான். இது என் சொந்த வியாக்கியானமும் அல்ல, நேற்று முளைத்த சலுகையும் அல்ல. நாமினி இருந்தால் நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ், வங்கிக்கு இழப்பு வந்தால் ஈடுகட்டுவதாக எழுதித் தரும் உறுதிப் பத்திரம், ஜாமீன் எதையும் வலியுறுத்தக் கூடாது, 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2005 ஜூன் 9 அன்றே சுற்றறிக்கை விட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பர் 26 அன்று, அதையே இன்னும் தெளிவான நெறிமுறையாக வெளியிட்டு, 2026 மார்ச் 31க்குள் எல்லா வங்கிகளும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. வங்கியின் காரணத்தால் தாமதமானால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்துக்கு (Bank Rate) மேல் 4 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஒரே விஷயத்தை இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது என்றால், முதல்முறை சொன்னதை எத்தனை பேர் காதில் வாங்கினார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்களிடம் கேட்கப்பட்டவை என்னென்ன தெரியுமா? இரண்டாவது முறை போனபோது தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழ். அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, வருவாய் ஆய்வாளர் விசாரணை என்று ஐந்து வாரம் ஆனது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முத்திரைத்தாளில் உறுதிப் பத்திரம் என்றார்கள். பிறகு அதே கிளையில் கணக்கு வைத்திருக்கும் இருவரின் ஜாமீன். பிறகு ஷார்ஜாவில் இருக்கும் என் தங்கை, தனக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதி, துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டும் என்றார்கள். அவள் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போய் வாங்கி அனுப்பினாள். இவையெல்லாம் நாமினி இல்லாத கணக்குக்குக் கேட்கும் தாள்கள். அந்தப் பட்டியலை எடுத்து, நாமினி இருக்கும் எங்கள் தலையில் வைத்தார்கள்.

ஏழாவது முறை கண்டுபிடித்ததுதான் உச்சம். பாஸ்புக்கில் அம்மாவின் இனிஷியல் தாத்தாவுடையது, இறப்புச் சான்றிதழில் அப்பாவுடையது. எனவே இருவரும் ஒருவரே என்று சான்று வேண்டுமாம். தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிப் பேருக்கு இனிஷியல் இரண்டு இருக்கும் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாதா? அப்பாவின் இனிஷியல் போட்ட அம்மாவின் ஆதாரைத்தான் இதே வங்கி முன்பு அவருடைய கணக்கோடு இணைத்தது. பணம் உள்ளே போகும்வரை ஒரே ஆளாக இருந்தவர், வெளியே வரும்போது இரண்டு ஆளாகிவிட்டார்.

இனி, சட்டம் படித்த நண்பர்கள். நாமினி என்பவர் உரிமையாளர் அல்ல, மற்ற வாரிசுகள் நாளை வழக்குப் போட்டால் வங்கிதானே மாட்டிக்கொள்ளும் என்கிறார்கள். முதல் பாதி சரி. 2010இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது. நாமினிக்குப் பணத்தைப் பெறும் உரிமை மட்டுமே உண்டு, பணம் யாருடையது என்பதை வாரிசுரிமைச் சட்டம் தீர்மானிக்கும். ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவுதான் தலைகீழானது. வங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் நாமினி என்ற ஏற்பாடே இருக்கிறது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45-இசட்ஏ பிரிவின்படி நாமினியிடம் பணத்தைக் கொடுத்ததுமே வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நானும் என் தங்கையும் அப்பாவோடு சண்டை போட வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். அது எங்கள் வீட்டு விவகாரம். (போடமாட்டோம். அவர் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் தனக்கென்று எடுக்கமாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும்.)

"ஊழியர் பற்றாக்குறை, வேலைப்பளு" என்று வங்கியில் இருக்கும் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். இருக்கலாம். தேவையில்லாத நான்கு தாள்களைக் கேட்டு, வாங்கி, சரிபார்த்து, கோப்பில் சேர்க்க மட்டும் ஆள் இருக்கிறது போலும்.

மோசடி நடக்கிறது, அதனால்தான் கெடுபிடி என்பவர்களுக்கு மறுப்புச் சொல்லமாட்டேன். நடக்கிறது. ஆனால் மோசடி செய்கிறவன் இப்படி வரிசையில் நின்று இறப்புச் சான்றிதழை நீட்டுவதில்லை. அம்மா இறந்த மூன்றாம் நாள், துக்கம் கேட்க வந்த உறவினர் ஒருவர் அப்பாவைத் தனியே அழைத்து, "மாமா, பேங்க்ல இப்பவே சொல்லிடாதீங்க. ஏடிஎம் கார்டு இருக்குல்ல, தினமும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துடுங்க. ஊர்ல எல்லாரும் அதான் பண்றாங்க" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அப்பா, "போனவளோட நம்பரைப் போட்டு நான் எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கார்டையே கொண்டுபோய் வங்கியில் ஒப்படைத்தார். அதற்குக் கிடைத்த பரிசு இந்த ஏழு நடை. சொல்லாமல் எடுத்தவர்களுக்கு இனிஷியல் சிக்கல் வருவதில்லை, தூதரகம் வருவதில்லை, ஜாமீன்தாரர் வருவதில்லை. முறைப்படி போனவர்தான் சந்தேகத்துக்குரியவர்.

சரி, முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும் என்கிறீர்களா? அம்மாவைப் போல யோசித்தவர் யாரும் இல்லை. 2011இல் என் தாய்மாமா திடீரென்று இறந்தபோது அவருடைய கணக்கில் நாமினி இல்லை. அத்தை வாரிசுரிமைச் சான்றிதழுக்காக நீதிமன்றம் போனார். வக்கீல், நீதிமன்றக் கட்டணம், பத்திரிகையில் அறிவிப்பு, வாய்தா என்று ஒன்றரை ஆண்டு அலைந்தார். கையில் கைக்குழந்தை வேறு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் துணைக்குப் போய்வந்தது அம்மாதான். எட்டாம் வகுப்போடு நின்றுபோன அம்மா, அந்த வழக்கு முடிவதற்குள்ளேயே தன் கணக்கில் நாமினி பதிந்துவிட்டு வந்தார். "நாளைக்கு உங்கப்பா இப்படிப் படி ஏறக் கூடாது" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வைப்புத்தொகையைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், நாமினி பெயர் விட்டுப்போகாமல் வந்திருக்கிறதா என்று ரசீதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். பிறகு அது தையல் மெஷினின் இழுப்பறைக்குப் போகும். இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன முன்யோசனை செய்ய முடியும்?

அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ரவிக்கை தைத்துச் சேர்த்தது. தீபாவளிக்கு முந்தைய வாரம் முழுக்க இரவு இரண்டு மணிவரை மெஷின் ஓடும். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் தூங்கினோம். வைப்புத்தொகை இரண்டும் சேர்த்து இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். பெரிய மனிதர்களுக்கு இது ஒரு தொகையே அல்ல. அம்மாவுக்கு இதில் ஒரே ஒரு திட்டம்தான்: "என் காரியத்துக்கு யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது." இதை அவர் விளையாட்டாகச் சொன்னதே இல்லை, ரேஷன் கடைக்குப் பை எடுத்துக்கொண்டு போகச் சொல்வதைப் போலச் சொல்வார். ஆனால் பதினாறாம் நாள் காரியத்துக்கு அப்பா இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கினார். அந்த வட்டியை இப்போதும் கட்டிக்கொண்டிருக்கிறார். இதைத்தான் "கொஞ்சம் பொறுமையாக இருங்கள், பணம் எங்கும் போய்விடாது" என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பணம் எங்கும் போகவில்லை, உண்மை. வட்டி போகிறது.

எங்கும் போகவில்லை என்பதும் முழு உண்மை அல்ல. மே மாதக் கடைசியில் அம்மாவின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கு அடுத்த ஓராண்டுக்கான 20 ரூபாய் அவருடைய கணக்கிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. இறப்புச் சான்றிதழ் அதே கிளையில், அதே மேசையில் இரண்டு மாதமாகக் கிடக்கிறது. நாமினிக்குக் கொடுக்க ஏழு தாள் கேட்கும் அதே கணக்கிலிருந்து, இறந்தவருக்கு விபத்து நேராமல் இருக்க 20 ரூபாய் எடுப்பதற்கு யாருடைய ஆட்சேபமின்மைக் கடிதமும் தேவைப்படவில்லை. அப்பா அந்தச் செய்தியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

2025 அக்டோபரில், உரிமை கோரப்படாமல் கிடக்கும் பணத்தை உரியவரிடம் சேர்ப்பதற்காக "உங்கள் பணம், உங்கள் உரிமை" என்று பொருள்படும் பெயரில் நாடு முழுக்க ஓர் இயக்கத்தையே தொடங்கினார்கள். பத்தாண்டு யாரும் தொடாத கணக்குகளின் சொந்தக்காரர்களைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தார்களாம். நல்ல காரியம். எங்களைத் தேட வேண்டியதே இல்லை. மூன்று மாதமாக மூன்றாம் எண் கவுன்டருக்கு எதிரே உள்ள பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகச் சொன்னவர்களுக்கு: போவோம். ஆனால் முதலில் வங்கியிடமே எழுத்துமூலம் புகார் கொடுத்து, பதில் வராவிட்டால் 30 நாள் காத்திருந்த பிறகுதான் அங்கே போக முடியும். புகார் கொடுக்க வேண்டுமானால் விண்ணப்பம் கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டும். ஏழு முறையும் தாளை வாங்கிக்கொண்டார்களே தவிர, ஒருமுறைகூட ஒப்புகை தரவில்லை. "எதுக்கு சார், நாங்க எங்க போயிடப்போறோம்" என்பார்கள். ஒப்புகை இல்லையென்றால் தேதி இல்லை, தேதி இல்லையென்றால் 15 நாள் இல்லை, தாமதமும் இல்லை, தாமதத்துக்கான வட்டியும் இல்லை. அந்தப் புன்னகைக்கு என்ன பொருள் என்பது வீட்டுக்கு வந்து, இரவு சாப்பிடும்போதுதான் எனக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை எட்டாவது முறை போகிறோம். இருவரும் ஒருவரே என்ற சான்று கையில் இருக்கிறது. விண்ணப்பத்தின் நகலில் தேதியோடு முத்திரை வைத்துத் தரும்வரை அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருப்பதாக இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி. நீங்கள் வர வேண்டாம், நான் மட்டும் போய்வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "இல்லப்பா, நானும் வர்றேன். கையெழுத்து மாறியிருக்குன்னு சொல்லிடுவாங்க" என்றார்.