அந்தக் குழிக்கு ‘தேவ சித்தம்’ என்று பெயர் வைக்காதீர்கள்

ரோட்டில் மூடாமல் கிடந்த குழியில் விழுந்து இறந்த பையனுக்குச் சனிக்கிழமை அடக்க ஆராதனை நடந்தது. அந்தச் சாவு ‘தேவ சித்தம்’ என்று அங்கே பேசப்பட்டதை முழுக்க மறுபடியும் எழுதப்போவதில்லை. வந்திருந்தவர்கள் கேட்டீர்கள், வராதவர்களுக்கு வீடியோ வந்து சேர்ந்துவிட்டது. அதைத் தேவ சித்தம் என்று சொல்லாதீர்கள் என்று மறுநாள் நான் இங்கே போட்ட இரண்டு வரியையும் அதற்கு எனக்குக் கிடைத்த வசவையும் எல்லாரும் பார்த்தாயிற்று. “துக்க வீட்டில் அரசியல் பண்ணாதே” என்று ஒரு அண்ணன் போன் பண்ணியே சொன்னார். சரி அண்ணே. அடக்கம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. இப்போது பேசலாமா?

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். “உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக” என்று பரமண்டல ஜெபத்தில் இயேசு சொல்லிக்கொடுத்தது விண்ணப்பம். ஆண்டவரிடம் நாம் கேட்கிற காரியம். நடந்து முடிந்த ஒரு சாவுக்கு நாம் கண்டுபிடித்துச் சொல்லும் காரணம் இல்லை.

பரமண்டல ஜெபத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது 1715-இல். முந்நூறு வருஷத்துக்கு மேல் இந்த ஜெபம் நம் வீடுகளில் புழங்குகிறது. புழங்கிப் புழங்கி, நாம் என்ன கேட்கிறோம் என்பதே மறந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். நடப்பதெல்லாம் ஏற்கெனவே அவர் சித்தம்தான் என்றால், அது பூமியில் நடக்கவேண்டும் என்று எதற்காக தினமும் கேட்கவேண்டும்? பரலோகத்தில் நடக்கிறது, இங்கே இன்னும் அப்படி நடக்கவில்லை. அதனால்தான் கேட்கச் சொல்லிக் கொடுத்தார். அதே ஜெபத்தில் சற்றுத் தள்ளி “தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்” என்றும் கேட்கச் சொன்னார். எல்லாமே சித்தம் என்றால் எந்தத் தீமையிலிருந்து இரட்சிப்பது?

இப்போது அந்தக் குழிக்கு வருகிறேன். குழாய் பதிக்கத் தோண்டினார்கள். பதித்தார்களா என்றுகூடத் தெரியவில்லை, மூடவில்லை. வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. தடுப்பு கிடையாது. ஒரு குச்சியை நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுவார்களே, அதுகூடக் கிடையாது. பக்கத்துக் கம்பத்தில் விளக்கு எரியாது. மழை பெய்து தண்ணீர் நிறைந்துவிட்டால் ராத்திரியில் ரோடும் குழியும் ஒன்றுபோலத்தான் தெரியும். நைட் ஷிப்ட் முடித்து வந்த பையன். குடிக்கவில்லை. வேகமாக வரவில்லை. ஹெல்மெட் போட்டிருந்தான். அந்தத் தெருக்காரர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள், ஒப்பந்தக்காரருக்குப் போன் பண்ணியிருக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “கர்த்தருக்குத் தம்முடைய தோட்டத்தில் ஒரு அழகான பூ தேவைப்பட்டது, பறித்துக்கொண்டார், அவருடைய சித்தம்” என்று ஒலிபெருக்கியில் சொன்னால், அந்தத் தாய் யாரைப் பார்த்து அழுவாள்? பிள்ளையைக் கொன்றது ஆண்டவர் என்றல்லவா அவளிடம் சொல்லிவிட்டு வந்தோம்?

அந்த வார்த்தையைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர் ஒருவர் அன்றைக்கு இருந்திருப்பார் என்றால், அது குழியைத் தோண்டிப் போட்டவர்தான்.

“சித்தமில்லாமல் ஒரு அடைக்கலான் குருவிகூடத் தரையிலே விழாது, மத்தேயு 10:29 தெரியாதா?” என்று நாலைந்து பேர் அனுப்பியிருந்தீர்கள். தெரியும். அது எனக்கும் லேசான வசனம் இல்லை. ஆனால் 31-ஆம் வசனம்வரை வாசியுங்கள்: “பயப்படாதிருங்கள், அநேகம் அடைக்கலான் குருவிகளைப்பார்க்கிலும் நீங்கள் விசேஷித்தவர்கள்.” துன்பப்படப் போகிற சீஷர்களைத் தைரியப்படுத்தச் சொன்ன வார்த்தை அது. விழுகிற குருவியைப் பிதா பார்க்கிறார், அது அவர் கையை விட்டுப் போகவில்லை. அதை எடுத்துக் குருவியை அடித்தவனுக்கு நற்சான்று எழுதிக் கொடுக்காதீர்கள். அதே மத்தேயு 18:14-ஐயும் வாசியுங்கள்: “இந்தச் சிறியரில் ஒருவனாகிலும் கெட்டுப்போவது பரலோகத்திலிருக்கிற உங்கள் பிதாவின் சித்தமல்ல.” சித்தமல்ல என்று ஆண்டவரே தம் வாயால் சொன்னது. இதை ஏன் எந்த அடக்க ஆராதனையிலும் யாரும் வாசிப்பதில்லை?

யோபுவைக் கொண்டு வந்தீர்கள். “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்.” நம் ஊரில் இது இல்லாமல் ஒரு அடக்கம் நடக்காது. அதைச் சொன்னது யார்? பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பன். அவர் சொல்லலாம். அவருக்கு அந்த உரிமை உண்டு. அவரைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் நல்ல சிநேகிதர்கள். பிறகு வாயைத் திறந்து கடவுளுக்காக வாதாடத் தொடங்கினார்கள். கடைசியில் கடவுள் யாரைக் கோபித்தார்? நாள் முழுக்கப் புலம்பின யோபுவை இல்லை. “நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை” என்று அந்தச் சிநேகிதர்களைத்தான். எனக்குக் கமெண்ட் போட்ட சகோதரர்கள் யோபு 42-ஐயும் ஒருதரம் திறந்து பார்க்கவேண்டும்.

யோசேப்பும் அப்படித்தான். “நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்” என்று பல வருஷம் கழித்து, எகிப்தில், குழிக்குள் போடப்பட்டவரே சொன்னார். அவரைக் குழியில் போட்ட அண்ணன்மார் மேலே நின்று, “தம்பி, இது தேவ சித்தம்” என்று சொல்லவில்லை. அவர்களுக்குக்கூட அவ்வளவு துணிச்சல் வரவில்லை.

சிலுவைச் சாவுக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில் ஆண்டவர் “என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது” என்றார். தன் உயிரை வைத்து, தன் வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழ, அவர் சொன்னது அது. அடுத்தவன் வீட்டுச் சாவுக்கு அவர் அப்படிச் சொன்னதே இல்லை. நாயீன் ஊரில் விதவையின் மகனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மனதுருகி, “அழாதே” என்று சொல்லிப் பாடையைத் தொட்டு நிறுத்தினார். பெத்தானியாவில் மார்த்தாள், “நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்” என்று முகத்துக்கு நேராகக் குறை சொன்னாள். அவளை அதட்டினாரா? கல்லறைக்குப் போகிற வழியில் அவரே கண்ணீர் விட்டார். நான்கு சுவிசேஷங்களிலும் தேடிப் பாருங்கள், அழுகிறவளிடம் போய் “இது பிதாவின் சித்தம், ஏற்றுக்கொள்” என்று அவர் சொன்ன இடம் ஒன்று காட்டுங்கள். “அந்தச் சகோதரன் லாசருவின் வியாதி தேவனுடைய மகிமைக்கு என்றாரே” என்பீர்கள். ஆமாம், சீஷர்களிடம் சொன்னார். சொன்னவர் போய் அவனை எழுப்பினார். நாம் எழுப்புகிறோமா?

இது என் சொந்த உபதேசம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். லெஸ்லி வெதர்ஹெட் என்று ஒரு மெத்தடிஸ்ட் போதகர், இங்கிலாந்துக்காரர், இளம் வயதில் சென்னையில் ஊழியம் செய்தவர். இரண்டாம் உலகப்போரில் லண்டனில் அவருடைய ஆலயம் குண்டு விழுந்து அழிந்தது. 1944-இல் தன் சபை மக்களுக்கு இதே விஷயத்தைப் பற்றித் தொடர்ந்து பிரசங்கம் செய்தார். அதில் இந்தியாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறார். காலராவில் ஒரு நண்பரின் சின்ன மகன் இறந்துவிட்டான். இருவரும் தாழ்வாரத்தில் நிற்கிறார்கள். மிஞ்சியிருந்த ஒரே மகள் கொசுவலைக்குள் தூங்குகிறாள். நண்பர் “இது கடவுளுடைய சித்தம்” என்கிறார். அதற்கு வெதர்ஹெட், “யாராவது ஒருவன் ராத்திரி படியேறி வந்து, காலராக் கிருமியில் நனைத்த பஞ்சை வேண்டுமென்றே இந்தப் பெண்ணின் வாயில் வைத்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டாராம். கொன்றுவிடுவேன் என்று கொதித்தார் அந்தத் தகப்பன். கடவுள் அதைத்தான் செய்தார் என்றல்லவா நீங்கள் சொல்கிறீர்கள் என்றார் இவர். ஊரின் அறியாமை என்று சொல்லுங்கள், மோசமான சாக்கடை என்று சொல்லுங்கள், எல்லாருடைய அலட்சியம் என்று சொல்லுங்கள், கடவுளுடைய சித்தம் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். சாக்கடை என்ற இடத்தில் குழி என்று போட்டுக்கொள்ளுங்கள். எண்பது வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரப் போதகர் பிரசங்க பீடத்திலிருந்து சொன்னதை நான் இரண்டு வரியில் சொன்னால் எனக்கு விசுவாசம் இல்லையாம்.

2004 ஜூலை 16 கும்பகோணம் யாருக்கும் மறந்திருக்காது. 94 குழந்தைகள். அதற்குக் காரணம் கீற்றுக் கூரை, ஒரே கட்டடத்தில் அத்தனை பிள்ளைகளை அடைத்தது, தப்பித்து ஓட வழி இல்லாதது. காரணத்தைச் சரியாகச் சொன்னதால்தான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையைப் பிரித்தார்கள். அன்றைக்கும் “கடவுள் எடுத்துக்கொண்டார்” என்பதோடு விட்டிருந்தால் அந்தக் கூரைகள் இன்றைக்கும் இருந்திருக்கும்.

என் தங்கச்சி விஷயத்தை இங்கே எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். முதல் பிள்ளை, நிறைமாதம். ராத்திரி வலி கண்டு கொண்டுபோனோம். டாக்டர் வருகிறார், வருகிறார் என்றே சொன்னார்கள். விடியும்போது வந்தார். அதற்குள் வயிற்றிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஜெபக்குழுவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள் அவள். அவளிடம் “எல்லாம் தேவ சித்தம்மா, அடுத்ததை ஆசீர்வதிப்பார்” என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். அவள் தலையை ஆட்டினாள், அழவில்லை. சாயங்காலம் எங்கள் பெரியம்மா ஊரிலிருந்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “அந்த டாக்டரு ராத்திரி பூரா எங்கடி போயிருந்தான்? அவனை ஒருத்தரும் கேக்கலியா?” என்று சத்தம் போட்டார். அப்போதுதான் தங்கச்சி அழுதாள். பெரியம்மா மடியில் விழுந்து, மூச்சு முட்டுகிற மாதிரி அழுதாள்.

அதற்குப் பிறகு வெகுகாலம் கோயிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நான் கவனித்திருக்கிறேன். “உம்முடைய ராஜ்யம் வருவதாக” வரைக்கும் அவள் சத்தம் கேட்கும். அடுத்த வரியில் நின்றுவிடும். “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை” என்னும்போது மறுபடி சேர்ந்துகொள்வாள். ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் ஒரு வரியை ஒரு பிள்ளையின் வாயிலிருந்து நாம் பிடுங்கிவிட்டோம். இதற்கு யார் கணக்குக் கொடுப்பது?

“அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே” என்று எழுதியவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அன்றைக்குச் செய்தி கொடுத்த எங்கள் சபைப் போதகர், நாங்கள் ஐயர் என்று கூப்பிடுகிறவர், அவர் மேல் எனக்குப் பகை கிடையாது. என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். அவரிடம் நேரிலேயும் சொல்லிவிட்டேன்: ஐயா, அன்றைக்கு அந்தச் செய்தி வேண்டாமாயிருந்தது.

“சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது” என்று பவுலைக் காட்டினார்கள். நம்புகிறேன், முழு மனதோடு நம்புகிறேன். அதே பவுல் அதே நிருபத்தில் “அழுகிறவர்களுடனே அழுங்கள்” என்று எழுதினார். விளக்கம் சொல்லுங்கள் என்று எழுதவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவே இல்லை. சபைகளின் நிர்வாகத்துக்கு நடக்கிற திருமண்டலத் தேர்தலில் தோற்றால் யாராவது ‘தேவ சித்தம்’ என்று வீட்டில் உட்காருகிறோமா? கோர்ட்டுக்குப் போகிறோம். தடை வாங்குகிறோம். கல்லறைத் தோட்டத்து நிலத்தில் ஒரு அடி போனால் சர்வேயரைக் கூட்டி வருகிறோம். பதவிக்கும் நிலத்துக்கும் காரணம் யார் என்று நமக்குத் துல்லியமாகத் தெரிகிறது. ஏழை வீட்டுப் பிள்ளை செத்தால் மட்டும் கர்த்தர் காரணமாகிவிடுகிறார். அந்தப் பையன் முதல் வரிசையில் உட்காரும் குடும்பத்துப் பிள்ளையாக இருந்திருந்தால் சனிக்கிழமை அந்தப் பூக்கதை வந்திருக்குமா? அந்த ராத்திரியே ஒப்பந்தக்காரர் மேல் வழக்குப் பதிந்திருக்கும், சபைக் கமிட்டியே போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்கும். இதை எழுதும்போது கை நடுங்குகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அழிக்கமாட்டேன்.

ஆண்டவர் சர்வவல்லவர் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தத் தாயை அவர் ஒருநாள் தேற்றுவார், அவளுடைய கண்ணீரை அவரே துடைப்பார் என்று நம்புகிறவன் நான். அவள் என்றைக்காவது, தானாக, “கர்த்தர் எடுத்தார்” என்று சொன்னால் நான் பக்கத்தில் நின்று ஆமென் சொல்வேன். அவள் சொல்லட்டும். அவளுக்காக நாம் சொல்லவேண்டாம். நாம் சொல்லவேண்டியது “உம்முடைய சித்தம் பூமியிலேயும் செய்யப்படுவதாக” என்ற விண்ணப்பம்தான். அதைச் சொன்னால் எழுந்து போய் ஏதாவது செய்யவும் வேண்டும்.

குழி இன்னும் மூடப்படவில்லை. அடக்கத்துக்கு அடுத்த நாள் ஒரு பிளாஸ்டிக் டிரம்மை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகிறோம். அந்தப் பையனின் அப்பாவும் வருகிறார். மனுவை எழுதிவிட்டேன். தெருக்காரர்கள் ஏற்கெனவே கொடுத்த மனுவின் நகலையும் போட்டோக்களையும் சேர்த்திருக்கிறேன். வாலிபர் ஐக்கியத்திலிருந்து சிலர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஐயரிடமும் கேட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார். என்னைத் திட்டியவர்களும் வரலாம். காலையில் ஒன்பதரைக்குக் கோயில் வாசலில் கூடி, பரமண்டல ஜெபம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம்.