முத்திரை ஒட்டி விற்ற மாத்திரை

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் சர்வரோக நிவாரணிகள் சக்கைப்போடு போட்டதற்கு மக்களின் அறியாமைதான் காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. பீச்சம் மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். டப்பா விலை 1 ஷில்லிங் 1½ பென்னி. அந்த ஒன்றரைப் பென்னி அரசாங்கத்துக்குப் போகும் வரி. அதற்கான முத்திரைத் தாளை டப்பா மேலேயே ஒட்டியிருப்பார்கள். வாங்குகிறவர் அதை வரி ரசீதாகவா பார்ப்பார்? சர்க்காரே சோதித்துக் கொடுத்த மருந்து என்றுதான் நினைப்பார். 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் ஆராய்ந்து பார்த்தபோது உள்ளே இருந்தது கரியபோளம் (பேதிக்குக் கொடுக்கும் காய்ந்த கற்றாழைப் பால்), இஞ்சிப் பொடி, சோப்பு. 56 மாத்திரைக்கான சரக்குச் செலவு சுமார் அரை ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு!

சரி, இதில் பேதியோடு போயிற்று. அழுகிற குழந்தைக்குக் கொடுத்த காட்ஃப்ரே கார்டியல் என்ற மருந்தில் இருந்தது அபின். இனிப்புக்குச் சர்க்கரைப் பாகு. எத்தனையோ குழந்தைகள் அப்படியே கண் திறக்காமல் போயின. 1868-இல் வந்த பார்மசி சட்டம் அபின் விற்பனைக்குக் கடிவாளம் போட்டது, ஆனால் முத்திரை மருந்துகளுக்கு மட்டும் விலக்கு. வருமானம் வருகிறதே! அந்த வரி 1941 வரை இருந்தது. கட்டுரையாளர் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.