வழுக்கும் தரையைப் பற்றி இன்னும் கொஞ்சம்

நாய்களின் மூட்டுத் தேய்மானத்துக்கான மருந்துகளைத் தெளிவாக விளக்கிய ஒரு கட்டுரையைப் படித்தேன்; வழுக்கும் வீட்டுத் தரையை அது ஒரே வரியில் கடந்துவிட்டதால் இதை எழுதுகிறேன். மதுரை திருநகரில் உள்ள எங்கள் வீடு முழுவதும் பளபளப்பான டைல்ஸ்தான். 9 வயதான எங்கள் லாப்ரடார் வீரா, வாசலில் பால்காரர் குரல் கேட்டு எழும்போதெல்லாம், பின்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விலகிச் சறுக்க, நகங்களால் தரையைப் பிறாண்டியபடியே நிமிர்வான். அதை முதுமை என்று எண்ணி ஓராண்டை வீணாக்கியது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

அவன் படுக்குமிடத்திலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரை, அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடிகளை இடைவெளியின்றி விரித்தோம்; முதலில் போட்ட கோரைப்பாய் அவனோடு சேர்ந்தே நழுவியது. விரலிடுக்கில் வளர்ந்து பாதத்தை மூடியிருந்த முடியைக் கத்தரித்து, நகங்களையும் அளவாக வெட்டினோம். சில நாட்களிலேயே தயக்கமின்றி எழுந்து நடந்தான்.

நாயின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குவதால், கட்டிலிலிருந்தோ காரிலிருந்தோ குதித்து இறங்கும்போது தோளும் முழங்கை மூட்டும் பெரும் அதிர்வை ஏற்கின்றன. எங்கள் மொட்டைமாடிப் படிக்கட்டில் இப்போது சிறு தடுப்புக் கதவு இருக்கிறது. எல்லாவற்றையும்விட எடைக் கட்டுப்பாடே முதன்மையானது என்பேன்: தடவிப் பார்த்தால் விலா எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

வலிக்கிறதே என்ற பரிதவிப்பில், மனிதர்களுக்கான வலி மாத்திரையை மட்டும் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரொஃபென் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.