பெட்டி என்ன தேக்குப் பலகையா?

"கூடைதானே, ஒரு கை வுட் ஸ்டெயின் அடிச்சு விட்டா புதுசு மாதிரி ஆயிரும்" என்று இனிமேல் யாராவது என் காதுபடச் சொன்னால் நான் பொறுமையாக இருக்க மாட்டேன். மரத்துக்கு நிறம் ஏற்றுகிற சாயம்தான் அந்த வுட் ஸ்டெயின். பெயிண்ட் கடைத் தம்பி சொன்னான். எதிர் வீட்டு அக்கா சொன்னார்கள். போனில் அரை நிமிட வீடியோ போடுகிறவர்கள் தினமும் சொல்கிறார்கள். பிரஷ்ஷால் ஒரு இழுப்பு, துணியால் ஒரு துடைப்பு, கூடை அப்படியே காப்பிக்கொட்டை நிறத்தில் மின்னுகிறது. இத்தனை பேரில் ஒருத்தராவது "உங்க கூடை எதுல முடைஞ்சது?" என்று கேட்டார்களா? அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் எங்கள் ஆச்சியின் நார்ப்பெட்டி தப்பித்திருக்கும்.

ஆவணியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். சீர் கொண்டுபோக பிளாஸ்டிக் தட்டு வேண்டாம், ஓலைப்பெட்டியும் கூடையும்தான் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். திசையன்விளைப் பக்கத்தில் முடைந்த ஓலைப்பெட்டி நாலு வாங்கினோம். பாளையங்கோட்டையில் பிரம்புக் கூடை இரண்டு வாங்கினோம். அதோடு பரணில் இருந்த ஆச்சியின் நார்ப்பெட்டி. பனை மட்டையில் நார் உரித்து முடைந்து, ரோஸும் பச்சையுமாகக் கட்டம் போட்டு, மேலே மூடி வைத்தது. 50 வருஷம் தாண்டியிருக்கும். கருப்பட்டி, அவல், பனங்கிழங்கு என்று எத்தனை வீட்டுக்குப் போய் வந்த பெட்டி! நிறம் மங்கியிருந்ததே தவிர ஒரு நார் விட்டுப்போகவில்லை. மூடியின் ஒரு ஓரம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருக்கும். ஆச்சி கட்டைவிரல் வைத்துத் திறக்கிற இடம் அது.

ஏழும் ஏழு நிறம். "எல்லாத்தையும் ஒரே நிறமாக்கிட்டா எடுப்பா இருக்கும்" என்றார்கள் மதினி. எனக்கும் சரியென்று பட்டது.

கடையில் தெளிவாகத்தான் சொன்னேன். ஓலைப்பெட்டி, நார்ப்பெட்டி, பிரம்புக் கூடை என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்டேன். "எல்லாத்துக்கும் இதுதான்க்கா" என்று அரை லிட்டர் வால்நட் ஸ்டெயினை எடுத்து வைத்தான் அந்தத் தம்பி. டர்பன்டைன், பிரஷ், மேலே பூச ஒரு சின்ன வார்னிஷ் டப்பா எல்லாம் சேர்த்து 700 ரூபாய். டப்பாவின் மேல் வாசற்கதவு படம். பின்னால் பொடி எழுத்தில் இருப்பது முழுக்க மரத்தைப் பற்றித்தான். உப்புத்தாள் போட்டுத் தேய், மரத்தின் ரேகைப் போக்கில் பூசு, துடை, காயவிடு. முடைந்த பெட்டியில் ரேகைப் போக்கு எங்கே இருக்கிறது? ஒரு ஓலை கிழக்கே போனால் அடுத்தது வடக்கே போகிறது.

ஆனித் தேரோட்டம் முடிந்த மறு வாரம் மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். முதலில் ஓலைப்பெட்டி. பிரஷ்ஷை வைத்ததும் சேம்பிலையில் தண்ணீர் விட்ட மாதிரி ஸ்டெயின் உருண்டு ஓடியது. ஓலை மேலே தெரிகிற இடமெல்லாம் வெளிறிக் கிடந்தது. ஓலைக்கு அடியில் ஓலை நுழைகிற ஒவ்வொரு மூலையிலும் போய்த் தேங்கிக் கறுத்துவிட்டது. பெட்டி முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி கறுப்புப் புள்ளி. துணியைப் போட்டுத் துடைத்தால் மேலே இருந்த கொஞ்ச நிறமும் துணியோடு வந்தது, மூலையில் இருந்த கறுப்பு வரவில்லை.

வராது. வராது என்பது ஸ்டெயின் விற்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஸ்டெயின் பெயிண்ட் மாதிரி மேலே மூடிக்கொள்ளும் சாமான் இல்லை. மரத்தின் நுண்துளைக்குள் இறங்கி அங்கே நிறத்தை விட்டால்தான் அது நிற்கும். பனை ஓலைக்கு மேலே இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. தேரி எனும் செம்மணல் காட்டில், அந்த வெயிலில் நிற்கிற மரம் தன் ஈரத்தை அந்த மெழுகால்தான் காப்பாற்றிக்கொள்கிறது. ஓலை வேய்ந்த கூரையில் மழை பட்டு வழிந்து ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மழைத்தண்ணீரையே உள்ளே விடாத ஓலை இவன் டப்பாவை மட்டும் குடிக்குமா?

பிரம்பு இன்னும் மோசம். அதன் வெளித்தோலே கண்ணாடி மாதிரி வழுவழுப்பு, அதில் மணல்சத்து இருக்கிறது. போதாதென்று விற்பனைக்கு வரும்போதே பளபளப்புக்காகப் பெரும்பாலும் ஒரு கை வார்னிஷ் அடித்துத்தான் அனுப்புகிறார்கள். வார்னிஷுக்கு மேல் ஸ்டெயின் போட்டால் அது எங்கே இறங்கும்? நாலு நாள் ஆகியும் கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. இதில் ஆனி, ஆடிக் காற்று வேறு. பணகுடி, முப்பந்தல் பக்கம் அத்தனை காற்றாலையும் சுற்றுகிற காற்று அது. மாடியில் காயவைத்த இரண்டு கூடையிலும் தெருப்புழுதி ஏறி, தொட்டுப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி இருந்தது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். "நாருல நல்லாப் பிடிக்கும்க்கா, தைரியமா அடிங்க" என்று போனில் சொன்னான் அந்தத் தம்பி. அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. நார் குடித்தது. ஆனால் ஸ்டெயின் என்பது கண்ணாடிக் காகிதம் மாதிரி, அடியில் இருக்கும் நிறம் அதன் வழியாகத் தெரியும். இருக்கிற நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க மட்டும்தான் அதால் முடியும், மாற்ற முடியாது. ரோஸ் கட்டம் ஆட்டு ஈரல் நிறத்துக்கு வந்தது. பச்சைக் கட்டம் கருகியது. பதறிப்போய்த் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தேன். பழைய சாயம் கலங்கி, ரோஸ் பச்சைக்குள்ளும் பச்சை வெறும் நாருக்குள்ளும் ஓடி, கட்டமே அழிந்துபோனது. ஆச்சி தேய்த்த அந்த மூடி ஓரம்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் குடித்து, கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு வேறு வழியில்லாமல் அவற்றையே தூக்கிக்கொண்டு போனோம். மூன்று வாரம் காய்ந்தது, மேலே வார்னிஷும் போட்டாயிற்று. ஆனாலும் வெயிலில் பிரம்புக் கூடையை இடுப்பில் வைத்து நடந்த என் தங்கச்சியின் சேலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை. சந்தன நிறப் பட்டு அது. சபையில் வைத்து வெற்றிலையை எடுத்த சித்தி முகத்தைச் சுளித்து, "ஏட்டி, என்ன வெத்தலையில மண்ணெண்ணெய் வாடை அடிக்கு?" என்றாள். சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன்.

அப்புறம்தான் ஓலைப்பெட்டி முடைந்த அம்மாவைத் தேடிப் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "முடைஞ்ச பெறவு சாயம் ஏத்துனா ஓலை குடிக்காதும்மா, பூசிக்கிடும்" என்றார்கள். ஓலையை வாரும்போதே, அதாவது கீற்றாகக் கிழிக்கும்போதே, கொதிக்கிற சாயத் தண்ணீரில் போட்டு வேகவைத்து, நிழலில் உலர்த்தி, அதற்குப் பிறகுதான் முடைய உட்காருவார்களாம். கொதிக்கிற தண்ணீரில் மெழுகு இளகும், சாயம் உள்ளே போகும், ஓலையின் இரண்டு பக்கமும் ஏறும். மணப்பாட்டுப் பக்கம் நிறம் நிறமாய் முடைகிறவர்களும் சாயம் ஏற்றிய ஓலையில்தான் முடைகிறார்கள். பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். பாயை நெய்துவிட்டா அதன் மேல் சிவப்பு அடித்தார்கள்? கோரையைத் தண்ணீரில் ஊறவைத்து, கீறி, பதிமுகக் கட்டையில் எடுத்த சாயத்தில் தோய்த்து, அதன் பிறகுதானே தறிக்குக் கொண்டுபோனார்கள். சுற்றிலும் இத்தனை பேர் கையில் இந்த வேலை இருக்க, நான் தேக்குப் பலகைக்கான டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியிருக்கிறேன்.

"காப்பிக்கொட்டை நிறம் வேணும்னு மொதல்லயே சொல்லியிருந்தா பெட்டிக்கு 30 ரூவா கூடுதலா ஆயிருக்கும்" என்றார்கள் அந்த அம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு பெட்டிக்கு 120 ரூபாய். அந்தப் பெட்டிகளை வாங்கும்போது பெட்டிக்கு 20 ரூபாய் குறைத்துக் கேட்டு, கால் மணி நேரம் பேரம் பேசியது எங்கள் வீடு. கடையில் 700 ரூபாயை வாய் திறக்காமல் எண்ணிக் கொடுத்தோம். டப்பாவில் அச்சடித்த விலை என்றால் நமக்குக் கேள்வி கிடையாது. விரல் நுனி வெடித்துப்போய் ஓலை வாருகிறவளிடம் மட்டும் அத்தனை கேள்வியும் கேட்போம். இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

வார்னிஷ் படாத வெறும் பிரம்பு, பட்டை உரித்த உள்பிரம்பு என்றால் ஸ்டெயின் ஏறும். நான் ஏறாது என்று சொல்லவில்லை. கூடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து மாதிரி நின்றால் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். உறிஞ்சினால் மட்டும், சோப்புத் தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, அடிப்பக்கத்தில் ஒரு ஓரம் பூசிப் பார்த்து, டர்பன்டைன் விட்டு இளக்கி, பிரஷ்ஷை ஒட்ட வழித்துவிட்டு மெல்லிசாக ஒற்றி, பத்து நிமிஷத்துக்குள் துடைத்துவிட வேண்டும். அடர்த்தி போதாவிட்டால் மறுநாள் இன்னொரு கை. காற்றும் புழுதியும் இல்லாத மாதத்தில். வெற்றிலை, பலகாரம் எதையும் அதில் நேராக வைக்கக் கூடாது. ஆளி விதை எண்ணெய் சேர்த்த ஸ்டெயின் என்றால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போட வேண்டும். இதையெல்லாம் நான் பட்டபின் பத்துப் பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். துணி விஷயத்தையாவது விற்கிறவன் வாயால் சொல்ல வேண்டாமா? நான் துணியைச் சுருட்டி வைத்திருந்தது கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில்.

போன வாரம் ஆச்சியின் பெட்டியைத் துணிப்பையில் போட்டு அதே கடைக்குக் கொண்டுபோனேன். பணத்தைத் திருப்பிக் கேட்க இல்லை. அடுத்து ஒருத்தி ஓலைப்பெட்டி என்று வந்து நின்றால் இந்த டப்பாவைக் கொடுக்காதே என்று சொல்லத்தான் போனேன். மேசை மேல் பெட்டியை வைத்து, மூடியைத் திறந்து, "மோந்து பாருப்பா" என்றேன். அவன் மோந்து பார்க்கவில்லை. போனில் இருந்து பாதி கண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஸ்ப்ரே பெயிண்ட் ஒண்ணு வந்திருக்குக்கா, அத அடிச்சா எல்லாம் மறைஞ்சிரும்" என்றான்.

மூடியை மூடி, பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.