காற்றையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சிரியுங்கள்

இரண்டு நாள்களாக இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். தரையைத் தொட்ட சிறிய விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடி, புல்வெளியில் மூக்குக் குத்தி நின்றதையும், உள்ளே இருந்தவர்கள் தாமாகவே இறங்கி நடந்ததையும் காணொளியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் காணொளியின் கீழே, "எங்கள் சேலம் டவுன் பஸ் ஓட்டுநரை அனுப்பியிருந்தால் அழகாக நிறுத்தியிருப்பார்" என்று ஒருவர் எழுத, வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

டவுன் பஸ் ஓட்டுநர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஐந்து ரோடு சந்திப்பில் அவருடைய பேருந்தைக் காற்று தூக்கிப் பார்ப்பதில்லை. நான்கு பேர் அமரும் செஸ்னா 172 போன்ற ஒரு விமானம், ஆளும் எரிபொருளுமாகச் சேர்ந்தே ஏறத்தாழ 1,150 கிலோதான். இறக்கையோ நுனிக்கு நுனி 11 மீட்டர். சக்கரம் தரையில் பட்ட பிறகும் இறக்கை சிறிது நேரம் தூக்கிக்கொண்டே இருப்பதால் பிரேக் முழுதாகப் பிடிக்காது. அந்த நேரம் பார்த்துக் குறுக்குக் காற்று வாலைத் தள்ளினால், மூக்கு காற்று வரும் பக்கம் திரும்பும். காலால் சுக்கானை மிதித்து நேராக்க விமானிக்குக் கிடைப்பது ஓரிரு நொடிகள்.

காற்று வெறும் சாக்கு என்பவர்கள் நம் சேலம் விமான நிலையத்தின் கமலாபுரம் ஓடுபாதையையே எடுத்துக்கொள்ளட்டும். அது வடகிழக்கு, தென்மேற்காகக் கிடக்கிறது. முனைகளில் உள்ள 04, 22 என்ற எண்கள் அந்தத் திசையைத்தான் குறிக்கின்றன. நேர் மேற்கிலிருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அதில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் குறுக்கே விழும். செஸ்னா 172-ஐ அதன் தயாரிப்பாளர்கள் இறக்கிக் காட்டியிருப்பது 15 நாட், அதாவது சுமார் 28 கிலோமீட்டர் குறுக்குக் காற்றில். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று பேசுகிற ஊருக்கு, ஒரு விமானம் விலகியது மட்டும் வேடிக்கையாகிவிடுகிறது.

"அப்படியானால் இறங்காமல் மேலே எழும்பிச் சென்றிருக்கலாமே?" நியாயமான கேள்விதான். விமானியின் கணிப்பே பிழையாகவும் இருந்திருக்கலாம். அதற்குத்தான் விசாரணை இருக்கிறது. அதுவும் அடுத்த விபத்தைத் தடுப்பதற்காகவே அன்றி, பழி சுமத்துவதற்காக அன்று என்கிறது பன்னாட்டு விதி. நம்மவர்களுக்கோ தேநீர் ஆறுவதற்குள் தீர்ப்பு வேண்டும்.

"உங்கள் வீட்டில் விமானி இருப்பதால் பரிந்து பேசுகிறீர்கள்" என்பீர்கள். ஆம், அதனால்தான் பேசுகிறேன். என் தம்பி மகன் பயிற்சிக் காலத்தில், விட்டு விட்டு வீசிய காற்றில் இறக்கும்போது விமானம் துள்ளி, முன்சக்கரத் தண்டு வளைந்துவிட்டது. யாருக்கும் கீறல்கூட இல்லை. பயிற்றுநர் அவனைத் திட்டவில்லை. நடந்ததை வரி வரியாக எழுதச் சொல்லி, மீண்டும் பறக்க வைத்தார். உறவுக்காரர்களுக்கு மட்டும் அது இன்னும் முடியவில்லை. ஓமலூரில் ஒரு வளைகாப்புப் பந்தலில், "மாப்பிள்ளை, பந்திக்காவது ஒழுங்காக வந்து இறங்குவீர்களா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். "அத்தை, நான் வீட்டுக்குப் போகிறேன்" என்று அவன் சாப்பிடாமலே எழுந்து போனான்.

அன்று நானும் சிரித்தேன். இன்று அவன் பயணிகளோடு பறக்கிறான். விசேஷம் எதற்கும் வருவதில்லை.

டவுன் பஸ் நகைச்சுவையை எழுதியவர் எனக்கு மாமா முறை. பந்தலில் கேட்டவரும் அவரேதான். படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.