ரத்தம் பார்த்தால் டேக் முடிந்தது

போன வாரம், நான் வில்லால் வேட்டையாடின எல்க்கின் கொம்போடு ஒரு படம் போட்டேன். அன்றிலிருந்து இன்பாக்ஸில் இரண்டே கேள்விகள். ஊரிலிருந்து வருவது, "பாவமா இல்லையா?" இங்கே கொலராடோவில் வேட்டைக்குப் போகிறவர்கள் கேட்பது, "எத்தனை யார்டு தள்ளி நின்று எய்தாய்?" பாவம் என்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய பதில் எதுவும் இல்லை, கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது. இந்த யார்டு கணக்குதான் எரிச்சல். 35 யார்டு, போதுமா? அம்பு போய்ச் சேர அரை நொடிகூட ஆகவில்லை. அதற்கப்புறம் ஏழரை மணி நேரம் என்ன செய்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்க் தெரியாதவர்களுக்கு: நம் ஊர்க் கடமானுக்குச் சொந்தம், ஆனால் உருவம் எங்கேயோ இருக்கும். வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும், கொம்பு மட்டுமே பதினைந்து கிலோ வரும். அமெரிக்காவில் இது அதிகம் இருப்பது கொலராடோவில்தான், மூன்று லட்சத்தை ஒட்டி. செப்டம்பரில் இணைசேரும் காலம், அப்போது ஆண்கள் ராத்திரி பகல் பாராமல் கத்தும். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து விசில் மாதிரி ஒரு கூவல் வருவதை முதன்முதலில் கேட்டபோது யாரோ விளையாடுகிறார்கள் என்றே நினைத்தேன். வில்லால் வேட்டையாடும் சீசனும் அந்த மாதத்தில்தான். அதற்கு வாங்கும் டேக் என்பது ஒரே ஒரு எல்க்கை அடிக்க அனுமதிச் சீட்டு. நான் போனது ஒயிட் ரிவர் தேசியக் காடு. எந்த இடம் என்று கேட்காதீர்கள், 23 லட்சம் ஏக்கர், தேடிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் 6:10. தனியாகத்தான் போயிருந்தேன். ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே வலப்பக்கத்தை முழுசாகக் காட்டிக்கொண்டு நின்றது. நாணை விட்ட அதே நொடியில் அது ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டது. நுரையீரலுக்குப் போக வேண்டிய அம்பு ஒரு சாண் பின்னால் ஏறியது. கண்ணால் பார்த்தேன், வயிறு கலங்கிவிட்டது. நூறு மீட்டர் ஓடி, நின்று, அப்புறம் கிளை முறியும் சத்தம், அவ்வளவுதான்.

அம்பு மறுபக்கம் துளைத்துக்கொண்டு போய்ப் புல்லில் கிடந்தது. இந்த அம்பைப் படிக்கத் தெரியாதவர் வில்லைத் தொடவே கூடாது என்பேன். இளஞ்சிவப்பில் நுரையும் குமிழியுமாக இருந்தால் நுரையீரல், அரை மணி நேரம் விட்டுப் போனால் பக்கத்திலேயே கிடக்கும். பச்சையாக, சாண வாடையோடு இருந்தால் இரைப்பையோ குடலோ, எட்டு மணி நேரத்துக்கு முன்னால் அசையக் கூடாது. என் அம்பில் இருந்தது நாவல்பழம் நசுக்கின மாதிரி கருஞ்சிவப்பு. மோந்து பார்த்தேன், சாண வாடை இல்லை. ஈரல். சாவு நிச்சயம், ஆனால் உடனே இல்லை. துரத்தாமல் விட்டால் இருநூறு முந்நூறு மீட்டரில் படுத்துவிடும். அவசரப்பட்டுப் பின்னால் போனால் எழுந்து அடுத்த மலைக்கே போய்விடும், தடமும் கிடைக்காது. குறைந்தது நாலைந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பதிலும் சிக்கல் இருக்கிறது. எல்க் தோல் தடிமன், உள்ளே சூடு தங்கிவிடும், குளிர் ராத்திரியிலும் பின்தொடை எலும்போரம் கறி கெட ஆரம்பிக்கும். கரடி வேறு. ஓநாய்களையும் 2023 டிசம்பரில் இந்த மாநிலத்தில் மறுபடி கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். காத்திருந்தால் கறி போகும், போனால் எல்க்கே போகும். தனியாக வந்தவனுக்கு இதைப் பேசித் தீர்க்கக்கூட ஆள் கிடையாது. சேட்டிலைட் கருவியில் மனைவிக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "அடிபட்டிருக்கு. கிடைச்சாலும் கிடைக்காட்டாலும் இந்த வருஷம் எனக்கு இதோடு சரி." பதில் வந்தது: "முதல்ல தண்ணி குடிங்க."

அந்தச் செய்தியை ஏன் அனுப்பினேன் என்று சொல்ல வேண்டும், இந்தப் பதிவே அதற்காகத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒன்றை அடித்தேன். ரத்தம் முதலில் நன்றாக இருந்தது, அரை மணி நேரத்தில் பொறுமை போய்ப் பின்னாலேயே போனேன். அது படுத்திருந்த இடத்தை நெருங்கியதும் எழுந்து ஓடும் சத்தம் கேட்டது. இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அதே டேக்கோடு மறுபடி காட்டுக்குப் போனேன். சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. காயப்பட்டதைத் தேட நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்றுதான் இங்கே விதி, நான் எடுத்திருந்தேன். சேர்ந்து வேட்டைக்குப் போகிறவர்களும், "சகஜம், அடுத்ததைப் பார்" என்றார்கள். அந்த வருஷம் இன்னொன்று கிடைக்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம். கிடைத்திருந்தால் ஒரு டேக்கில் இரண்டு உயிர்.

ஆகவே என் கட்சி இது: ரத்தம் பார்த்தால் டேக் முடிந்தது. உடல் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் காசு வாங்கி வேட்டைக்கு அழைத்துப் போகும் இடங்களில், காயப்படுத்தித் தொலைத்தாலும் முழுக் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்பது சாதாரண நடைமுறை. காசு விஷயத்தில் அவர்களுக்கு இருக்கும் தெளிவு நமக்கு ஏன் இல்லை? "தோள்பட்டைச் சதையில் பட்டதெல்லாம் பிழைத்துக்கொள்ளும்" என்பார்கள். பிழைக்கும்தான், ஆறின காயத்தோடு திரியும் எல்க்குகளைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எங்கே பட்டது என்பதை யார் முடிவு செய்வது? மறுபடி வில்லைத் தூக்க ஆசைப்படுகிற அதே ஆள்தான். "ஒரு வார லீவு, டேக் காசு, பெட்ரோல்" என்பவர்களிடம் பேச ஒன்றுமில்லை.

சரி, காட்டுக்கு வருவோம். 11:20 வரை ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். குளிர் என்றால் பல் தாளம் போடும் குளிர். தலைவிளக்கைக் கழற்றிக் கையில், தரையோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். செப்டம்பரில் பாதிச் செடிகள் சிவந்துபோய்க் கிடக்கும், ஒவ்வொரு புள்ளியும் ரத்தம் மாதிரியே தெரியும். விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். கரைந்தால் ரத்தம், இல்லாவிட்டால் இலைப்புள்ளி. ரத்தம் தரையில் மட்டும் இருப்பதில்லை, உரசிக்கொண்டு போன செடியின் பக்கவாட்டில், என் இடுப்பு உயரத்தில் தீற்றியிருக்கும். ஒவ்வொரு துளியிலும் வெள்ளை டாய்லெட் பேப்பர் ஒரு துண்டு. தடத்தின் மேல் நடக்கக் கூடாது, ஓரமாகவே போக வேண்டும். திரும்பிப் பார்த்தால் அந்த வெள்ளைத் துண்டுகள் வரிசையாக, அது எந்தத் திசையில் மனசு வைத்திருக்கிறது என்று காட்டும்.

இருநூறு மீட்டரில் படுத்திருந்த இடம். புல் அமுங்கி, தட்டு அகலத்துக்கு ரத்தம் உறைந்திருந்தது. எல்க் இல்லை. தானாக எழுந்து போயிருக்கிறது. அதற்குமேல் ஸ்ப்ரூஸ் காடு, ஒரு ஓடை, ஓடைக்கரைச் சேற்றில் ஒரு மந்தையே நடந்த குளம்புகள். ரத்தம் நின்றுவிட்டது. கடைசித் துளிக்கு நாலு தடவை திரும்பி வந்திருப்பேன். முட்டிபோட்டு வட்டம் வட்டமாகத் தேடி, மற்றதைவிட ஆழமாக, ஒரு கால் இழுத்துக்கொண்டு போன குளம்பு ஒன்றைப் பிடித்தேன். அது மற்றவை போல மேட்டில் ஏறாமல் ஓடையோடு கீழே போனது. அதன் பின்னால் ஒரு மணி நேரம். ஒரே ஒரு இடத்தில், விழுந்த மரத்தைத் தாண்டின பட்டையில், கட்டைவிரல் அகலம் ரத்தம்.

1:40. விளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது கொம்பின் வெள்ளை நுனி. கிட்டே போய்க் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். அசைவில்லை. உட்கார்ந்துவிட்டேன். கத்தவில்லை, படமும் எடுக்கவில்லை. நீங்கள் பார்த்த படம் மறுநாள் வெளிச்சத்தில் எடுத்தது.

டேக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக அறுத்தேன், கரடிக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகப் பாடிக்கொண்டே. வயிற்றைத் திறக்காமல் ஒரு பக்கத் தோலை உரித்து முன்சப்பை, பின்தொடை, முதுகுக்கறி, அப்புறம் புரட்டி மறுபக்கம். ஒரு பின்தொடையில் எலும்போரம் லேசான வாடை, கையளவு வெட்டி எறிய வேண்டியதாயிற்று. மற்றதெல்லாம் துணிப்பைகளில் போட்டு நிழல் கிளையில் கட்டினேன். வண்டி மூன்று கிலோமீட்டர் தள்ளி. கறி மட்டும் சுமார் நூறு கிலோ, ஐந்து நடை, கூட்டினால் 27 கிலோமீட்டர், இரண்டு நாள். வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்தான் என்று பாடி வைத்திருக்கிறார்கள், சுமந்து இறக்கினது யார் என்று பாடக் காணோம். கொம்பு கடைசி நடையில்தான் வந்தது. கறியைக் காட்டில் விட்டுக் கொம்பை மட்டும் எடுத்து வருவது இங்கே பெரிய குற்றம், அந்தச் சட்டத்துக்கு நான் கும்பிடு போடுவேன்.

கறியை விற்கக் கூடாது, கொடுக்கலாம். கேட்ட நாலு வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. கொலராடோவின் காய்ந்த காற்றுக்கு உப்புக்கண்டம் மூன்றே நாளில் காய்ந்து கல்லாகிவிட்டது. அம்மா போனில் ஈரல் எங்கே என்று கேட்டார். அவருக்கு ஆட்டு ஈரல் மிளகு வறுவல் என்றால் உயிர். அன்று காட்டிலேயே, கடைசியில் வயிற்றைத் திறந்து கைவிட்டு எடுத்துப் பார்த்திருந்தேன். நடுவே அம்பு முனையின் பிளேடு இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, சுற்றிலும் ரத்தம் கட்டிக் கறுத்துப் போயிருந்தது. அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.