60 ஓம் பார்க்க ஒரு ஆளில்லையா?

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டிலிருந்து இறங்குகிறேன். 20 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, நல்ல மழை. திடீரென்று ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு, ஸ்டீயரிங் விளக்கு என்று கார்த்திகை தீபம் மாதிரி வரிசையாக எரிகிறது. ஸ்டீயரிங் அம்மிக்கல்லாகக் கனக்கிறது. பின்னால் அம்மா "முருகா, முருகா" என்கிறார். இரண்டாவது கியரிலேயே உருட்டி அடிவாரம் சேர்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் சேலத்தில் சர்வீஸ் சென்டர். பையன் ஸ்கேனரைச் செருகினான், யூ0121 என்று ஒரு பழுதுக் குறியீடு வந்தது. "ஏபிஎஸ் மாட்யூல் போயிடுச்சு சார், மாத்தணும், 58,000 ஆகும்." பானெட்டைக்கூடத் திறக்கவில்லை! பார்த்ததற்கு 1,200 ரூபாய் பில் வேறு.

அட, அந்தக் குறியீடு சொல்வது ஏபிஎஸ்ஸின் பேச்சு கேட்கவில்லை என்பது மட்டும்தான். போனை எடுக்கவில்லை என்றால் உடனே பாடைக்குச் சொல்லிவிடுவீர்களா?

இப்போதைய வண்டிகளில் ஒவ்வொரு தகவலுக்கும் தனி ஒயர் இழுப்பதில்லை. பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட கேன் பஸ் முறையில், முறுக்கிய இரண்டே ஒயரில்தான் வண்டியின் எலக்ட்ரானிக் பெட்டிகள் பேசிக்கொள்கின்றன. சக்கரம் சுற்றுவதை எண்ணி ஏபிஎஸ் வேகத்தைச் சொல்லும். மீட்டரும் ஸ்டீயரிங்கும் அதைக் கேட்டு வேலை செய்யும். அது வாயை மூடியதால்தான் மற்ற இரண்டும் அழுதன.

அந்த ஒயரின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) உண்டு. இரண்டும் பேரலலாக இணைந்திருப்பதால் மொத்தம் பாதியாகிவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, அதே ஸ்கேனர் சாக்கெட்டில் 6, 14ஆம் பின்களில் மல்டிமீட்டரை வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. ஐந்து நிமிட வேலை! ஏசி ஹால், காபி மெஷின், டை கட்டிய அட்வைசர் எல்லாம் இருக்கிற இடத்தில் ஒரு மல்டிமீட்டர் இல்லையா?

சேலம் குகைப் பகுதியில் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் வைத்துப் பார்த்தார். 120. என் வண்டியில் ஒரு முனை ரெசிஸ்டர் ஏபிஎஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதாம். "கப்ளர்ல தண்ணி பூந்துருக்குதுங்க" என்று பெட்டியில் ஒயர் செருகும் அந்த இணைப்பைக் கழற்றிக் காட்டினார். பின் முழுக்கப் பச்சைக் களிம்பு. சுத்தம் செய்து, ஒரு பின்னை மாற்றி, 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். மீட்டர் முள் எழுந்துவிட்டது.

நேற்று சர்வீஸ் சென்டரிலிருந்து போன். "மாட்யூல் ஸ்டாக் வந்துடுச்சு சார், அட்வான்ஸ் போட்டுடறீங்களா?"